அப்பாவின் வயிற்றில் ஊதாக் கோடுகள்

1

போன சனிக்கிழமை எங்கள் ஊர் ஏரியில் கோடைத் திருவிழா. எங்கள் ஊர் என்றால் நெய்வேலி இல்லை. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லைக்குக் கிட்டே, நான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஊர். நுழைவாயிலில் சீட்டு வாங்கியவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். ஊதா மையில் ஒரு மீன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிக்கப் போன என் மகள் இனியா, அந்தக் கையை மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. உடம்பெல்லாம் மணல்.

"கையை உள்ள விடு. தேய்ச்சு விடறேன்."

"மாட்டேன். மீன் அழிஞ்சிடும்."

"அழிஞ்சா என்ன? திருவிழாதான் முடிஞ்சிடுச்சே."

கோபம் வந்தால் அவளுக்கு ஜெர்மன்தான் வரும். அழிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று ஜெர்மனில் கத்தினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா அழிக்கல."

துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்பா போய், வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இருந்து பேசுகிறவர்கள் இன்னும் அந்தக் கரண்டு வைத்த கதையைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

2

நான் இருக்கும் இந்த ஊரும் நிலக்கரி ஊர்தான். அதே பழுப்பு நிலக்கரி. என் தலையெழுத்து, எங்கே போனாலும் எனக்கு அதுதான். ஒரே வித்தியாசம், இங்கே பழைய சுரங்கங்களில் தண்ணீரை நிரப்பி ஏரியாக்கிவிட்டார்கள். அந்தத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. சில இடங்களில் தண்ணீர் இரும்பு ஏறி, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும்.

அப்பா கலியமூர்த்தி நெய்வேலி மைன்ஸில் பம்ப் ஆப்பரேட்டர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா கான்ட்ராக்டில் உள்ளே போனார். பல வருஷம் கான்ட்ராக்டிலேயே கிடந்து, நான் ஐந்தாவது படிக்கும்போதுதான் பெர்மனன்ட் ஆனார். அன்று அம்மா தெருவெல்லாம் கேசரி கொடுத்தாள். நெய்வேலியில் ஒரு மனிதனைப் பற்றி முதலில் கேட்கும் கேள்வியே அதுதானே, ஆள் பெர்மனன்டா, கான்ட்ராக்டா.

கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாகப் பம்ப் ஓடினால்தான் மேலே ஆட்கள் வேலை செய்ய முடியும். இனியா ஏரியில் நீந்துவதை முதல் தடவை வீடியோவில் காட்டியபோது அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மைன்ஸ்ல தண்ணி நின்னா எங்களுக்கு மெமோ குடுப்பான். அங்க நீங்க நீச்சல் அடிச்சிகினு இருக்கீங்களா?"

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டால், அம்மா அஞ்சலை பின்வாசலில் வெந்நீர் வாளியோடு நிற்பாள். கரித்தூளும் சேறுமாக வரும் அப்பா அந்த வாளியைத் தாண்டி வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. குளிக்காமல் என்னைத் தொடமாட்டார். அம்மா பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்ப்பாள். "மைன்ஸு வாசப்படியிலயே நின்னுடணும்" என்பாள். மைன்ஸ்காரன் வீடு எல்லாவற்றிலும் இதுதான் நடக்கும். ரிட்டயர்ட் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு கட்டிப் போன பிறகும், அப்பா கடைவீதிக்குப் போய் வந்தால்கூட வாளி தயாராக இருந்தது.

3

போன வருஷம் மாசி மாதம் அப்பா வீடியோவில் கழுத்துக்கு மேலேதான் தெரிந்தார். போன் கொஞ்சம் கீழே இறங்கினால், "மேல தூக்கு அஞ்சல" என்பார். ஒருநாள் அம்மா கை தவறியபோது பார்த்துவிட்டேன். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை. உள்ளே சிவப்பு.

சிறுநீர்ப்பையில் புற்றுநோய். முற்றிப்போய் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. சிறுநீரோடு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. சில நாள் அது கட்டியாகி அடைத்துக்கொள்ளும், அப்போது அவர் வேதனையில் போடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்ப்பார்களாம். அறுவைச் சிகிச்சையால் பயனில்லை, கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கரண்டு வைப்பது என்போம்.

"ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்பினோம். இப்ப எனக்கே வெக்கறான்" என்றார் அப்பா.

விடுப்பு கேட்க என் மேலதிகாரி அம்மாளிடம் போனேன். ஜெர்மனில் நன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். பதற்றத்தில் ஊர்ப் பேச்சை அப்படியே ஜெர்மனில் போட்டுவிட்டேன். என் அப்பாவுக்கு மின்சாரம் வைக்கிறார்கள், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு ஊர் டாக்டர் போனில் சொன்ன சொல்லையே சொன்னேன், பாலியேட்டிவ், நோயைத் தீர்க்க இல்லை, வேதனையைக் குறைக்க மட்டும். ஜெர்மனிலும் ஏறக்குறைய அதேதான். அவர் குரல் இறங்கிவிட்டது. எப்போது கிளம்புகிறாய் என்று மட்டும் கேட்டார்.

இனியாவின் பள்ளிக்கூடம் அவ்வளவு லேசில் மசியவில்லை. இங்கே கோடை விடுமுறை விடாமல் பிள்ளையை வெளியூர் கூட்டிப் போக முடியாது. தலைமை ஆசிரியை தங்கமான மனுஷி. தாத்தா இறந்துவிட்டால் விடுப்பு தரலாம் என்றார். உயிரோடு இருக்கிற தாத்தாவைப் பார்க்கத் தர வழியில்லையாம். இதில் இன்னொரு கூத்து, இனியா ஜெர்மன் பாஸ்போர்ட்காரி. தன் தாத்தாவைப் பார்க்க அவள் விசா வாங்க வேண்டும். ஆகவே இனியாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் முதலில் போவது, விடுமுறை விட்டதும் அவளை அழைத்துப் போவது என்று முடிவானது.

இதைச் சொன்னபோது அப்பா விரல் விட்டு மாதங்களை எண்ணினார். அவர் இனியாவைத் தூக்கியதெல்லாம் கைக்குழந்தையாக இருந்தபோதுதான்.

"பாப்பா, கொழந்த வரும்போது இந்தப் பை இருக்கக் கூடாது. ரத்தத்தப் பாத்தா பயந்துகினு கிட்ட வராது. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்றார். வீட்டில் நான் இன்னும் பாப்பாதான்.

4

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பண்ருட்டி வழியாகப் போனோம். பலாப்பழ சீசன். ரோட்டோரமெல்லாம் பழத்தைக் குவித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியை ஏற்றினாலும் வாசனை உள்ளே வந்தது. ஜெர்மனியில் நான் ஏங்கிக் கிடந்த வாசனை அது. அன்றைக்குக் குமட்டியது.

டாக்டர் என் வயதுக்காரப் பெண். சுற்றி வளைக்கவில்லை.

"குணமாக்கறதுக்கு இல்லைங்க ஐயா. ரத்தம் நிக்கும், இடுப்பு வலி குறையும். அதுக்குத்தான் இது. கொஞ்ச நாள் மூத்திரம் எரியும், அசதியா இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

"அப்ப இது பெர்மனன்ட் இல்ல. கான்ட்ராக்ட்னு சொல்லுங்க மேடம்."

அவர் சிரித்துவிட்டார். "ஆமாங்க ஐயா. எத்தனை நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாது."

"ஆவணி வரைக்கும் ஓடுங்களா? பேத்தி வருது."

"சீக்கிரம் ஆரம்பிச்சிடலாங்க" என்றார் டாக்டர்.

அன்றே ஸ்கேன் எடுத்து, அடிவயிற்றிலும் இரண்டு பக்க இடுப்பிலும் ஊதா மையால் கோடு போட்டார்கள். தினமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் மெஷினை நேர்படுத்துவார்களாம். கோடு போட்ட பெண் அப்பாவிடம் தெளிவாகச் சொன்னாள்: "தண்ணி ஊத்திக்கலாம். சோப்புப் போடாதீங்க, தேய்க்காதீங்க." அப்பா, "சரிங்க மேடம்" என்றார்.

திரும்பும் வழியில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். "கொணமாவாதுன்னா அப்புறம் எதுக்கு கரண்டு வெக்கணும்?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "இந்தா அஞ்சல, இத்தினி வருசம் பம்ப் ஓட்டுனனே, தண்ணி தீந்துதா? தீக்கறதுக்கா ஓட்டுனோம்? வேல நடக்கற வரைக்கும் அது கீழயே கெடக்கட்டும்னுதான் ஓட்டுனோம். அதுமாதிரிதான் இதுவும்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. மைன்ஸ்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா.

வீட்டு வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, மருந்து வாங்க நான் அதே காரில் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் பின்வாசலில் ஈரம். அப்பா துண்டு கட்டிக்கொண்டு பளபளவென்று நிற்கிறார். அம்மா கையில் பீர்க்கங்காய் நார்.

"உடம்பெல்லாம் என்னமோ மையத் தடவி அனுப்பிட்டானுங்க பாப்பா. நாரு போட்டுத் தேய்ச்சேன், போவல. அப்புறம் சீயக்காய் போட்டு எடுத்தேன். இப்ப பாரு."

அம்மா முகத்தில் அன்று முழுக்க இல்லாத ஒரு திருப்தி. அப்பா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"மேடம் சொன்னாங்கதான். ஷிஃப்ட் முடிஞ்சி வந்தாப்ல இருந்துது. வாளியப் பாத்ததும் மறந்துட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

5

மறுநாள் ஆஸ்பத்திரியில், கோடு போட்ட அந்தப் பெண் திட்டவில்லை. சீயக்காய் என்று கேட்டதும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனால் மறுபடி ஸ்கேன் எடுக்காமல் கோடு போட முடியாது, ஸ்கேன் மெஷினோ ரிப்பேரில் கிடந்தது. காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் ரத்தம் இன்னும் கூடியது. ஒருநாள் அடைத்துக்கொண்டு அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஒங்கம்மா கைக்கு அந்த இங்க்கு எம்மாத்திரம்? மைன்ஸையே தேய்ச்சி எடுத்தவ" என்று அப்பா அவளைச் சீண்டிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை கோடு போட்டு மேலே டேப் ஒட்டி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது பின்வாசலைத்தான். வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா ஈரத்துணியால் கோட்டைச் சுற்றிச் சுற்றி ஒற்றி எடுத்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த மனிதனைத் தேய்த்துக் குளிப்பாட்டாமல் விடுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் கரண்டு வைத்ததைப் பார்த்துவிட்டு நான் விமானம் ஏறினேன். மிச்ச நாளெல்லாம் அம்மாதான் கூடப் போய்வந்தாள். நான் இங்கே கண்ணாடிக் குப்பிகளில் ஏரித் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பேன். மதியம் போன் வரும். அங்கேயும் நிறம்தான் பேச்சு.

"இன்னிக்கி என்ன கலரும்மா?"

"அதே செகப்புதான்."

அடுத்த வாரம் டிகாக்‌ஷன். அப்புறம் ரோஸ்மில்க். ஒருநாள் அப்பாவே போனை வாங்கினார். "மோட்டார் தண்ணி மாதிரி வருது பாப்பா" என்றார். நான் ஆய்வுக்கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்த வழியாக வந்த மேலதிகாரி அம்மாள் பதறிப்போனார். "நல்ல செய்திதான், அப்பாவின் தண்ணீர் சுத்தமாகிவிட்டது" என்றேன். அது அவருக்கு எப்படிப் புரிந்ததோ, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆடி முடிவதற்குள் மூத்திரக் குழாயையும் பையையும் எடுத்துவிட்டார்கள்.

6

நாங்கள் போய் இறங்கியபோது அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தளர்ந்துபோன இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி. பை இல்லை. பாதி ஆளாகியிருந்தார். இனியா கொஞ்சம் தயங்கினாள். அப்பா கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டினார். அவள் போய் ஒட்டிக்கொண்டாள். "ஆயா, தாத்தா மேல பவுடர் வாசன" என்று என் அம்மாவிடம் சொன்னாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு இப்போதும் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறது. தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டது பாதிக்கு மேல் ஒருவருக்கு ஒருவர் புரிந்திருக்காது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒருநாள் காரில் மைன்ஸ் ஓரம் வரை கூட்டிப் போனார். அவ்வளவு பெரிய பள்ளத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏரி எங்க தாத்தா?"

"இன்னும் வரல. நாங்க வுடல" என்றார் அப்பா, பெருமையாக.

ஒருநாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டாள். கரண்டு வைத்து முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அழித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் இருந்தார்கள். அப்பா அழிக்க விடவில்லை. ஒரு தடவை பட்டது போதும் என்று அம்மாவும் பக்கத்தில் போகவில்லை. தானாக மங்கி, புகைபோலத் தெரிந்தது.

"இது என்ன தாத்தா?"

"கரண்டு மார்க்கு. வேல முடியற வரைக்கும் அழிக்கக் கூடாது."

"வேல முடிஞ்சிடுச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து, "இன்னும் இல்ல கண்ணு" என்றார்.

அவள் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து ஊதா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, மங்கிய கோட்டின் மேலேயே வயிற்றிலும் இடுப்பிலும் அழுத்தி வரைந்தாள். கூசுகிறது என்று அப்பா நெளிந்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சீயக்காய் நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் பேனா டப்பாவில் ஊதா இல்லை என்று இனியா ஒரு மூச்சு அழுதாள். வேறு வாங்கிக் கொடுத்தேன்.

7

கான்ட்ராக்ட் ஐப்பசி வரை ஓடியது. கடைசியில் சிறுநீரகம் நின்றுபோனதுதான் காரணம் என்றார்கள். ரத்தம் மறுபடி வரவில்லை. அதை அம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை பள்ளிக்கூடம் இனியாவுக்கு விடுப்பு கொடுத்தது. கோடையில் வாங்கிய விசா முடிந்துபோயிருந்தது, புது விசாதான் கைக்கு வரவில்லை. தனியாகத்தான் போனேன். மழை. சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் ரோட்டில் தண்ணீர்.

குளிப்பாட்ட அப்பாவைப் பின்வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். குவார்ட்டர்ஸில் எத்தனையோ ஷிஃப்ட் முடித்து அவர் வந்து நிற்பாரே, அது மாதிரியே ஒரு பின்வாசல். அதே வாளியில் வெந்நீர் வைத்திருந்தார்கள். பங்காளிகள் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிச் சீயக்காய் தேய்த்தார்கள். துணி விலகியபோது பார்த்தேன். அடிவயிற்றில் ஊதாக் கோடு. இடுப்பிலும். மங்கவே இல்லை, நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். மங்க மங்க அவள்தான் வரைந்துகொண்டே இருந்திருக்கிறாள். குளிப்பாட்டுகிறவர்களில் ஒருவர் என்னவோ கறை என்று நினைத்து அழுத்தித் தேய்க்கப் போனார்.

அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா எழுந்து வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் தேய்க்காதீங்கய்யா. கொழந்த போட்டது."

சுற்றித் தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். கோட்டோடுதான் போனார்.

8

இனியா ஞாயிற்றுக்கிழமையும் கையை நனைக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் கழுவச் சொன்னாராம், இவள் மறுத்துவிட்டாளாம். தமிழ் எழுத வராது, கத்தரிக்காய் பிடிக்காது, தீபாவளி எந்த மாதம் என்று கேட்டால் முழிப்பாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான் போலிருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டு மீன் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் ஓசை கேட்டது.

"மங்கிடுச்சா?" என்றாள்.

"பாதி மங்கிடுச்சும்மா. வால் மட்டும்தான் தெரியுது. இன்னிக்கி எப்படியாவது சோப்புப் போட்டு..."

"தேய்க்காத பாப்பா" என்றாள் அம்மா. "அந்த ஊதாப் பேனா இன்னும் இங்கதான் கெடக்குது, ஜன்னல்ல. நான் இத்தினி நாளா வெச்சிகினு இருக்கறேன். நீ அங்க வேற ஒண்ணு வாங்கின இல்ல, அதால போட்டு வுடு."